கொச்சியில் ஒரு நாள்: மாலை ஐந்து மணியை வைத்துத் திட்டமிடுங்கள்

கேள்வி: நானும் என் பள்ளித் தோழியும் ஜனவரியில் திருப்பூரிலிருந்து ரயிலில் கேரளா போகிறோம். வியாழன் ஆலப்புழா படகு, வெள்ளி முழுவதும் கொச்சி என்று திட்டம். ஊர் சுற்ற வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், மாலையில் கதகளியும் பார்க்க வேண்டும். தோழி சைவம், அவளுக்கு முழங்கால் வலியும் உண்டு. ஒரே நாளில் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் முதல் வேலையாக இரண்டு நாளையும் மாற்றிப் போடுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலிருக்கும் பரதேசி யூத ஜெபாலயத்தை வெள்ளி, சனி இரண்டு நாளும் கணக்கில் சேர்க்காதீர்கள். வியாழன் கொச்சி, வெள்ளி ஆலப்புழா என்று வைத்துக்கொண்டால் ஒன்றும் விட்டுப்போகாது.

புதன் இரவே ஃபோர்ட் கொச்சியில் அறை எடுத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் சீன வலைகள் இறங்கி ஏறுவதைப் பார்க்கலாம். மரச்சட்டத்தின் பின்பக்கம் கயிற்றில் வரிசையாகக் கற்கள் தொங்கும். நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கும்போது அந்தக் கற்களின் கனம்தான் வலையைத் தூக்கிவிடுகிறது. அப்புறம் புட்டு, கடலைக்கறி. வாஸ்கோ ட காமாவை 1524இல் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம் அருகிலேயே இருக்கிறது, பத்து நிமிடம் போதும். அவர் எலும்புகளைப் பிறகு போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறை இருந்த இடம் மட்டும் இருக்கிறது.

அடுத்து, பெரும்பாலானவர்கள் தவறவிடும் ஓர் இடம்: ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பெயருள்ள பகுதியிலிருக்கும் தோபி கானா என்ற சலவைக்கூடம். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்புகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். துணி காயும் கொடிகளை நின்று பாருங்கள். கிளிப் ஒன்றுகூட இருக்காது. முறுக்கிக் கட்டிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணி நுனியைச் செருகியிருப்பார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. தயங்காமல் தமிழிலேயே பேச்சுக் கொடுங்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

பத்து மணிக்கு ஆட்டோவில் மட்டாஞ்சேரி. தோழியின் முழங்காலுக்கு இந்தத் தூரத்தை நடக்க வேண்டாம். ஜெபாலயம் மதியம் மூடிவிடும் என்பதால் முதலில் அங்கே போங்கள். 1568இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், அதுவும் நல்லதுதான்: காலடியில் இருப்பவை சீனாவிலிருந்து வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பார்கள். ஏதாவது இரண்டு ஓடுகளில் தீட்டியிருக்கும் மரத்தையும் கிளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நேரம் போவது தெரியாது.

அரண்மனை ஒரு நிமிட நடை. போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு. உள்ளே அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் ஓவியமாக விரிகிறது. அந்த முகங்களையும் கிரீடங்களையும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மாலையில் வேலை இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் அசைவம் என்றால் மட்டாஞ்சேரி கையீஸ் பிரியாணி. சீக்கிரம் தீர்ந்துவிடும், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். தோழியைச் சோறும் மோரும் மட்டும் சாப்பிட வைக்க வேண்டியதில்லை; தலைமுறைகளாகக் குஜராத்திகள் வாழும் குஜராத்தி ரோடு பக்கத்தில்தான், அங்கே விசாரித்தால் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும். பிறகு அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். மதியம் இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டுக் கதகளிக்கு வந்து கொட்டாவி விடுபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களுக்காக வருத்தமாக இருக்கும்.

சாண்டா குரூஸ் பேராலயம் அருகே கேரள கதகளி மையம் இருக்கிறது. ஆட்டம் வழக்கமாக ஆறு மணிக்கு, ஒப்பனை ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். அன்றைய நேரத்தைக் காலையிலேயே போனில் உறுதி செய்துகொண்டு, ஒப்பனைக்கே போய்விடுங்கள். நான் முதல் முறை நேராக ஆறு மணிக்குப் போனேன். அடுத்த முறை ஐந்துக்குப் போனபோதுதான் எதைத் தவறவிட்டிருந்தேன் என்று புரிந்தது.

நடிகர் முகத்தில் பச்சையைத் தானே தீட்டிக்கொள்வார். பிறகு மல்லாந்து படுக்க, சுட்டிக் கலைஞர் அரிசி மாவுக் குழம்பால் தாடையோரம் வெள்ளை விளிம்பு கட்டுவார். கடைசியில் நடிகர் சுண்டப்பூவின் சிறு விதை ஒன்றை உள்ளங்கையில் நீர்விட்டு உருட்டிக் கண்ணிமைக்குள் வைத்துக்கொள்வார். சற்று நேரத்தில் வெள்ளைவிழி சிவந்துவிடும். காலையில் சுவரில் பார்த்த முகம் உங்கள் எதிரில் எழுந்து நிற்கும்.

அன்று என்ன கதை என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டு, தோழிக்கும் சொல்லிவிடுங்கள். நடிகர் வாய் திறக்க மாட்டார். பின்னால் நிற்பவர்கள்தான் பாடுவார்கள். கீசக வதம் என்று தெரிந்துவிட்டால் மொழி புரியாதது ஒரு குறையே இல்லை, கண்ணும் கையும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். சீக்கிரம் போனால் முன்வரிசை நாற்காலி கிடைக்கும், தோழி காலை நீட்டி உட்காரலாம். செண்டைச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். ஆட்டம் முடிந்ததும் அப்பமும் காய்கறி இஷ்டூவும் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள், காலையில் ஆலப்புழாவுக்குக் கிளம்ப வேண்டும்.