ஆறடி மீன் தொட்டிக்கு சம்ப்: கேட்டவையும் பதிலும்

கேள்வி: அண்ணா, 6 x 2 x 2 அடி மீன் தொட்டி, அரோவனா (பெரிதாக வளரும் மீன்) விடப் போகிறேன். கீழே 3 x 1.5 x 1.5 அடி சம்ப் (மேலே இருந்து வழியும் தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் மூலம் திரும்ப மேலே போகும் தொட்டி) போதுமா?

பதில்: போதும் தம்பி, ஆனால் அதை முழுக்க நிரப்பி ஓட்ட முடியாது. கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும், ஓவர்ஃப்ளோ பெட்டியின் (தண்ணீர் வழிந்து குழாய்க்குள் இறங்கும் பெட்டி) பற்களுக்கு மேலே நிற்கும் தண்ணீர் அத்தனையும் கீழே இறங்கும். உன் தொட்டியின் பரப்பு 12 சதுர அடி. ஒரு அங்குலம் இறங்கினாலே 28 லிட்டர், இரண்டு அங்குலம் என்றால் 56 லிட்டர் ஆச்சு. அந்த 56 லிட்டர் உன் சம்பில் ஐந்தரை அங்குலம் ஏறும், குழாயில் இருப்பது தனி. அதனால் ஓடும்போது மேலே 7 அங்குலமாவது காலியாக இருக்கட்டும். (அரோவனா வளர்ந்த பிறகு 2 அடி அகலத்தில் திரும்பப் படும் பாடு வேறு கதை.)

கேள்வி: சார், ராத்திரி கரண்ட் போய் சம்ப் வழிந்து ஹால் முழுக்கத் தண்ணீர். ரிட்டர்ன் குழாயில் (பம்பிலிருந்து மேலே போகும் குழாய்) நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டால் சரியாகுமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் நாக்கில் ஒரு சின்ன நத்தையோ பாசியோ சிக்கினால் மூடாது. ரிட்டர்ன் குழாயின் வாய் தொட்டிக்குள் ஆழமாக இருக்கிறதா பாருங்கள், பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாகி (பம்ப் இல்லாமலே தண்ணீரைக் கீழே உறிஞ்சும் குழாய்) தண்ணீரைத் திருப்பி இழுக்கும். வாயை நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே கொண்டு வந்துவிட்டால் அங்கேயே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அப்புறம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கி, சம்ப் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ப்ரோ, ஒன்றரை இஞ்ச் குழாய் ஒன்றுதான் கீழே போகிறது. கழிப்பறை ஃப்ளஷ் மாதிரி சத்தம், தூங்க முடியவில்லை.

பதில்: காற்றும் தண்ணீரும் ஒரே குழாயில் அடித்துக்கொண்டு இறங்குகிற சத்தம் அது. ஹெர்பி முறைக்கு மாறுங்கள், அதற்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்று சைஃபன், காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் நிறைந்து இறங்குவது, அதில் கேட் வால்வு (மெல்ல மெல்ல மூடுவது). பால் (ball) வால்வு வேண்டாம், ஒரு நூல் திருப்பினால் பாதி மூடிவிடும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மட்டம் ஏறிக் குழாய் வாயை மூழ்கடிக்கும், உறிஞ்சுகிற சத்தம் சட்டென்று நிற்கும். இரண்டாவது குழாயின் வாய் அதைவிட உயரத்தில், அவசரத்துக்கு. அதில் சும்மா நூல் மாதிரி ஒழுகினால் போதும். சைஃபனில் ஒரு இலையோ செத்த மீனோ அடைத்தால் ஹாலைக் காப்பாற்றுவது இதுதான், இதில் எந்த வால்வும் போடாதீர்கள். சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் ஒரு அங்குலம் மூழ்கினால் போதும், ஆழமாகப் போனால் கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் காற்று வெளியேறத் திணறும்.

கேள்வி: பழைய தொட்டியில் ஓவர்ஃப்ளோ குழாய்க்குத் துளை போடலாமா?

பதில்: டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி என்றால் ட்ரில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும். போலராய்ஸ்ட் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் திரை காட்டும் லேப்டாப்பை வைத்துப் பாருங்கள்; திட்டுத் திட்டாக நிழல் தெரிந்தால் கை வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடிக்கு டைமண்ட் ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் ட்ரில் முனை), தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல். துளை போட பயந்து விளிம்பில் தொங்கும் U வடிவக் குழாய் வாங்குகிறார்கள், அதில் காற்றுக் குமிழி சேர்ந்து சைஃபன் அறுந்தால் பம்ப் பாட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: டேங்க் நிப்பிளில் (துளையில் குழாயை மாட்டும் இணைப்பு) டெஃப்லான் டேப் சுற்றி ஸ்பேனர் போட்டு முறுக்கியும் சொட்டுகிறது.

பதில்: வாஷர் நட் பக்கம் இருக்கிறதோ? அது தண்ணீர் இருக்கும் பக்கம், தலைக்கு அடியில் வரவேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, மேலே கால் சுற்று, அவ்வளவுதான். இன்னும் முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: சம்பில் பம்ப் இருக்கும் அறையில் மட்டும் தண்ணீர் குறைகிறது. லீக்கா?

பதில்: தரை காய்ந்திருந்தால் ஆவியாவதுதான். மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் பிடித்து வைத்திருப்பதால் குறைவதெல்லாம் அங்கேதான் தெரியும். பம்ப் காற்றை இழுக்கும் முன் நிரப்பிவிடுங்கள்.