அடியைக் கூட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

பாபநாசம் அணையில் 100 அடி, சேர்வலாறு அணையில் 113, மணிமுத்தாறு அணையில் 80. கிட்டத்தட்ட முந்நூறு அடி தண்ணீர் கிடந்தும் கார் சாகுபடிக்கு (ஆனி, ஆடி வாக்கில் போடும் நெல்லுக்கு) திறக்க ஏன் யோசிக்கிறார்கள்? கரண்ட் எடுக்கத்தான் பதுக்குகிறார்களா? கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது என்கிறார்களே, உண்மையா?

- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

சத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டர்பைனைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர் தாமிரபரணி ஆற்றுக்குத்தான் வருகிறது. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும் அதைத்தான் வாங்கிக்கொள்கின்றன. பாபநாசம் பவர் ஹவுஸ் 1944 முதல் ஓடுகிறது. அந்தச் சத்தில்லாத தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றுதான் எழுபது வயதிலும் உங்களைத் திட்டத் தெம்போடு இருக்கிறேன்.

என்னை உறுத்தியது அந்த முந்நூறு அடி. அடியைப் போய் யாராவது கூட்டுவார்களா? ஐந்தடி அண்ணனையும் ஆறடி மாமாவையும் கூட்டி, வீட்டில் பதினோரடி ஆள் இருக்கிறார் என்பீர்களா? மூன்றில் உயரமானது சேர்வலாறு, 156 அடி. பிடிப்பதோ சுமார் ஒன்றேகால் டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடித் தண்ணீர்). மணிமுத்தாறு வெறும் 118 அடிதான், ஆனால் ஐந்தரை டிஎம்சி கொள்ளும்; 143 அடி பாபநாசமும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்புறம், மலையிடுக்கில் கட்டிய அணை புனல் மாதிரி, கீழே குறுகி மேலே விரியும். மேல் பத்தடியில் நிற்கிற தண்ணீர் அடிப் பத்தடியில் நிற்பதைப் போலப் பல மடங்கு. 143-இல் 100 இருக்கிறதே, முக்கால்வாசி நெருங்கிவிட்டதே என்று கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவீர்கள். பேப்பர்காரர்கள் தினமும் அடியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு ஊரையே கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

என் தாத்தாவுக்கு டிஎம்சி தெரியாது. காலையில் பேப்பரில் மட்டத்தைப் பார்த்து, பத்தாயத்துக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு எண் எழுதுவார். அது அடி இல்லை, நாள். "இருபது நாள் கிடக்கு", "நாற்பது நாள் கிடக்கு" என்பார். ஒரு வருஷம் அணை நூறைத் தாண்டியதும் ஊரே நாற்றுப் பாவியது. தாத்தா சுவரைப் பார்த்துவிட்டு உளுந்து விதைத்தார். கிழவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று வாய்க்கால் கரையிலேயே சிரித்தார்கள். சாரல் பொய்த்து, ஆடிக் கடைசியில் பக்கத்து வயல் வெடித்தபோது, எங்கள் கிணற்றில் ஆயில் இன்ஜினை ஓட்டி ராத்திரி முழுக்க அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினவரும் அவர்தான். டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்று ஆச்சி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.