இழப்பில்லாச் சுருக்கம், இழப்பில்லாச் சுற்று: வாசகர்களின் சில கேள்விகள்

டேவிட் ஹஃப்மன், தகவல் எதுவும் தொலையாமல் ஒரு செய்தியைச் சிறிதாக்கும் தன் சுருக்க முறையைப் பரீட்சைக்குப் பயந்துதான் கண்டுபிடித்தாராமே?

பயம் எல்லாம் நாம் சேர்த்தது, ஆனால் பரீட்சை நிஜம். 1951-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களிடம், இறுதித் தேர்வு எழுதுங்கள் அல்லது கட்டுரை கொடுங்கள் என்றார். ஹஃப்மன் கட்டுரைப் பக்கம் போனார். கேள்வி இதுதான்: அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறியும் அரிதாக வருவதற்கு நீண்ட குறியும் கொடுத்து, செய்தியை எப்படி மிகக் குறைந்த பிட்டில் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) எழுதுவது? ஃபானோவின் வழி, எழுத்துகளை மேலிருந்து இரு பாதியாகப் பிரித்துக்கொண்டே வருவது. அது சில சமயம் சிறந்த விடையைத் தவறவிடும். ஹஃப்மன் தலைகீழாகக் கீழிருந்து கட்டினார். ஒரு செய்தியில் க 4 முறை, ல 2 முறை, ம, ன தலா ஒரு முறை வருகின்றன என்று வையுங்கள். மிகக் குறைவாக வரும் ம, ன இரண்டையும் முதலில் இணைத்து, அந்த ஜோடியோடு ல-வை, அப்புறம் க-வைச் சேர்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பக்கத்துக்கு 0, மறுபக்கத்துக்கு 1 என்று வைத்தால் க = 0, ல = 10, ம = 110, ன = 111. எழுத்துக்கு 2 பிட் என்றால் 16 பிட் ஆகியிருக்கும், இப்போது 14 போதும். கட்டுரை 1952-இல் அச்சேறியது.

எந்த எழுத்து எத்தனை முறை வரும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால்?

ஆய்வாளர்கள் லெம்பெலும் ஸிவும் 1977-இல் சொன்ன வழி இருக்கிறது: ஏற்கெனவே வந்த தொடர் மறுபடி வந்தால், "இத்தனை எழுத்து பின்னால் போய் இவ்வளவை எடுத்துக்கொள்" என்று மட்டும் எழுதுவது. இன்றைய ஜிப் ஃபைலில் பெரும்பாலும் இதுவும் ஹஃப்மனும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன.

ஜிப் செய்ததையே திரும்பத் திரும்ப ஜிப் செய்தால் சிறுத்துக்கொண்டே போகாதா?

போகாது. 3 பிட்டில் 8 விதமான ஃபைல்கள் உண்டு. அதைவிடச் சிறியவை, வெற்று ஃபைலையும் சேர்த்து, 7 தான். எட்டையும் ஏழுக்குள் அடைத்தால் எவையோ இரண்டு ஒன்றாகிவிடும், பிரிக்கும்போது எது எது என்று தெரியாது. எல்லா ஃபைலையும் சுருக்குவேன் என்று யாராவது மென்பொருள் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சுற்றுகளில் சொல்லும் 'இழப்பில்லாத' என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நல்ல கேள்வி, உண்டு. ஆண்ட் கேட் என்பது உள்ளே வரும் இரண்டு பிட்டும் 1 ஆனால் மட்டும் 1 தரும் சிறு சுற்று. அதில் வெளியே 0 வந்தால் உள்ளே போனது 00, 01, 10 இவற்றில் எது என்று சொல்ல முடியாது, அதாவது தகவல் தொலைந்துவிட்டது. அப்படி அழியும் ஒவ்வொரு பிட்டுக்கும் குறைந்தபட்ச வெப்பம் வெளியேறியே தீரும் என்று 1961-இல் ஐபிஎம்மின் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். அறை வெப்பநிலையில் அது சுமார் 3 × 10⁻²¹ ஜூல். சரி, எதையும் அழிக்காமலே கணக்கிட்டால்? முடியும் என்று 1973-இல் சார்லஸ் பென்னட் நிறுவினார்: இடைப்பட்ட படிகளையெல்லாம் வைத்துக்கொள், விடையைப் பிரதி எடு, பிறகு வந்த வழியே திரும்பிப் போ. 1982-இல் ஃபிரெட்கினும் டொஃபோலியும் அதற்கேற்ற கேட்டையே வெளியிட்டார்கள். மூன்று கம்பி உள்ளே, மூன்று வெளியே. முதல் கம்பியில் வரும் பிட்டைப் பொறுத்து மற்ற இரண்டும் இடம் மாறும் அல்லது அப்படியே போகும். அதே கேட்டை இன்னொரு முறை போட்டால் பழையபடி ஆகிவிடும். இதனால் உங்கள் போன் சூடாவது நின்றுவிடாது, இன்றைய சிப்கள் லாண்டவர் சொன்ன அந்தக் குறைந்தபட்ச எல்லையைவிடப் பல மடங்கு ஆற்றலைச் செலவழிக்கின்றன. ஆனாலும் எல்லை வெறும் காகிதக் கணக்கல்ல, 2012-இல் ஒற்றை நுண்மணியை லேசரில் பிடித்துவைத்து அளந்தே பார்த்துவிட்டார்கள்.