மகன் கல்லூரிக்குப் போவதற்குள் குடும்பமாக எங்கே போய் வரலாம்?

கேட்டவர் மும்பைவாசி. மகன் பதினோராம் வகுப்பு. கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவான் போலிருக்கிறது, அதற்குள் காலத்துக்கும் மறக்காத மாதிரி ஒரு பயணம் போக வேண்டும், எங்கே, எப்போது என்று கேட்டிருக்கிறார்.

நானும் மும்பைதான், செம்பூரில் இருக்கிறேன். மூத்தவள் போன வருடம் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தாள். சின்னவன் எட்டாவது. அவளோடு போய் வந்ததில் பாதி சரியாக வந்தது, பாதி சொதப்பியது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கே என்பது அப்புறம். முதலில் எப்போது என்பதைப் பார்ப்போம். "பன்னிரண்டாவது முடியட்டும், நிம்மதியாகப் போகலாம்" என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அப்படி ஒரு லீவே கிடையாது. போர்டு பரீட்சை முடிய மார்ச் ஆகிவிடும். ஏப்ரலில் ஜே.இ.இ. மெயின் இரண்டாம் சுற்று, அதை ஒட்டியே மகாராஷ்டிராவின் சி.இ.டி. நுழைவுத் தேர்வு, மே தொடக்கத்தில் நீட். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதுகிற பிள்ளை என்றால் அதற்குப் பிறகும் புத்தகத்திலிருந்து தலை நிமிராது. பின்னாலேயே கவுன்சலிங், சுற்றுக்கு மேல் சுற்றாக ஜூலை வரை ஓடும். எந்த நேரத்தில் எந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், எப்போது பணம் கட்டச் சொல்வார்கள் என்று லேப்டாப் முன்னாலேயே குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

இது தெரியாமல் நாங்கள் அந்த மே மாதத்துக்கு சிக்கிம் பதிவு செய்துவைத்திருந்தோம். ஒரு நுழைவுத் தேர்வுத் தேதி சரியாக அதன் நடுவில் வந்து உட்கார்ந்தது. ரத்து செய்தோம். டூர் கம்பெனி அட்வான்ஸில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தது, அதுவும் பத்து போன் போட்ட பிறகு. இன்றைக்கும் யாராவது சிக்கிம் என்றால் என் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஆக உங்கள் கையில் இருப்பது இந்த வருடத் தீபாவளி லீவு, பதினொன்று முடிந்ததும் வரும் ஏப்ரல்-மே, அப்புறம் நடுநடுவே சில சனி ஞாயிறுகள். அந்த ஏப்ரல்-மேயிலும் கோச்சிங் கிளாஸ்காரர்கள் 'வெக்கேஷன் பேட்ச்' என்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவர்களிடமிருந்து அட்டவணையை வாங்கிவிடுங்கள்.

இனி எங்கே என்பது. எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுவது மகள் பத்தாவது முடித்த கோடையில் போன அஜந்தா-எல்லோரா. போகிற இடம், ரயில், லாட்ஜ், செலவு எல்லாவற்றையும் நீயே போடு என்று அவளிடமே விட்டுவிட்டோம். பட்ஜெட் மட்டும் எங்களுடையது. அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். சனிக்கிழமை மும்பை வி.டி. ஸ்டேஷனில் தபோவன் எக்ஸ்பிரஸ் பிடித்து ஔரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்), ஞாயிறு எல்லோரா, திங்கள் அஜந்தா, அன்று இரவே திரும்பல்.

எல்லோராவில் 34 குகைகள். பதினாறாவதான கைலாசநாதர் கோயில் முன்னால் சின்னவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது, எட்டாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூடர் காலத்தில். "தப்பா வெட்டிட்டா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை.

அன்று இரவு லாட்ஜ் மேனேஜர், "நாளைக்கு எங்கே?" என்றார். அஜந்தா என்றதும் சிரித்தார். அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். மகளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நோட்டை மூடிவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டாள். ஒரு நாள் முன்னாடி கூகுளில் பார்த்திருக்கக் கூடாதா என்று என் வாய் வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். வீட்டுக்காரர் ஆபீசுக்கு போன் செய்து ஒரு நாள் லீவை நீட்டினார், ரயில் டிக்கெட்டை மாற்றினார், திங்கட்கிழமை தௌலதாபாத் கோட்டைக்குப் போனோம்.

திட்டத்திலேயே இல்லாத அந்தக் கோட்டைதான் பயணத்தில் எல்லோருக்கும் பிடித்தது. 1327இல் முகமது பின் துக்ளக் டெல்லியிலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு வந்த தேவகிரி இதுதான். மேலே ஏறும் வழியில் எதிரியைத் திணறடிப்பதற்கென்றே கட்டிய ஒரு இருட்டுப் பாதை இருக்கிறது. முழுக்க வௌவால் வாடை. கோட்டைக் கைடு தீப்பந்தத்தை அணைத்ததும் நாலு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம். பதினாறு வயதுப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து எத்தனை நாளாகியிருக்கும்! வெளிச்சம் வந்ததும் கையை விட்டுவிட்டாள், அது வேறு.

செவ்வாய்க்கிழமை அஜந்தாவும் பார்த்தோம். முதல் குகையின் பத்மபாணி ஓவியம், அந்த மங்கல் வெளிச்சம், எல்லாம் அழகுதான். ஆனால் வீட்டில் இன்றும் பேச்செடுத்தால் வௌவால்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மாண்டவி எக்ஸ்பிரஸில் ரத்னகிரி போனோம். காலையில் வி.டி.யில் ஏறினால் ஊர் வரும் வரை ஜன்னல்தான். கொங்கண் ரயில்பாதை 1998இல்தான் முழுசாகத் திறந்தது. அதற்கு முன்னால் அந்த ஊர்களுக்கு பஸ்ஸில் மலைச்சாலையில் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். ரத்னகிரிக்குச் சற்று முன்னால் கர்புடே சுரங்கம், ஆறரைக் கிலோமீட்டர். பிள்ளைகள் போனில் நேரம் பார்த்துப் பந்தயம் கட்டினார்கள். ஊரில் திபா அரண்மனை பார்த்தோம். பர்மாவின் கடைசி ராஜா திபாவை 1885இல் ஆங்கிலேயர்கள் நாடு கடத்தினார்கள். கடைசியில் இந்த ஊரில்தான் வைத்திருந்தார்கள், 1916இல் இங்கேயே இறந்தார். இங்கிருந்து கடலைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று மகள் ரொம்ப நேரம் பேசினாள். மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு இருபதடி முன்னால் காதில் இயர்போனோடுதான் நடந்தாள். விட்டுவிடுங்கள், அந்த வயது அப்படித்தான். ஒன்று மட்டும்: விநாயகர் சதுர்த்தியை ஒட்டி இந்தப் பக்கம் நினைக்கவே நினைக்காதீர்கள். மும்பையில் இருக்கும் கொங்கண்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போகிற நேரம், டிக்கெட் கண்ணிலேயே படாது.

பன்னிரண்டாவது வருடத்தில் பெரிய பயணம் வேண்டாம். பக்கத்து மலை ஊரான மாதேரான் போதும். குர்லாவில் கர்ஜத் லோக்கல் பிடித்தால் நேரல், அங்கிருந்து மேலே. 1907இல் போட்ட குட்டி ரயில் இருக்கிறது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து ஓடாது, மேலே அமன் லாட்ஜ் என்கிற ஸ்டேஷனிலிருந்து மட்டும் ஓடும். ஊருக்குள் காருக்கும் பைக்குக்கும் அனுமதியில்லை. செம்மண்ணில் நடந்து நடந்து ஷூ கலர் மாறிவிடும். ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மாலை வீடு. திங்கட்கிழமை டெஸ்ட்டுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஒரு தடவையாவது விமானத்தை விட்டுவிட்டு ரயிலிலேயே சொந்த ஊருக்கும் போய் வாருங்கள். நாங்கள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போனோம், ஒன்றரை நாள். சோலாபூர், குந்தக்கல், ரேணிகுண்டா என்று ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறிக்கொண்டே வரும். தமிழ் வந்ததும் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் தாத்தா அறுபதுகளில் தகரப் பெட்டியோடு இதே திசைக்கு எதிராக மும்பைக்கு வந்தவர் என்று வீட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார். எனக்கே புதுச் செய்தி.

இத்தனைக்கும் நடுவில் நாங்கள் செய்த பெரிய தப்பு ஒரு வார்த்தை. "நாம எல்லாரும் சேர்ந்து வர்றது இதுதான் கடைசியோ என்னவோ" என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு இடத்திலும் சொல்லுவார். ரத்னகிரி கடற்கரையில் மகள் வெடித்துவிட்டாள். "நான் என்ன செத்தா போறேன்? படிக்கத்தானே போறேன்!" அன்றிலிருந்து வீட்டில் 'கடைசி' என்கிற வார்த்தைக்குப் பத்து ரூபாய் அபராதம். சின்னவன்தான் வசூல்காரன், நன்றாகவே சம்பாதித்தான். மறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப் போனால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது.

உங்களுக்கு என் யோசனை: தீபாவளிக்கு ரத்னகிரியோ எல்லோராவோ, எது என்பதைப் பையனே முடிவு செய்யட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 120 நாள் என்பதெல்லாம் 2024 நவம்பரோடு போயிற்று. அன்று காலை எட்டு மணிக்கு அவனையே உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஏதாவது தப்பு செய்வான். செய்யட்டும்.

எங்கள் வீட்டில் இந்தத் தீபாவளிக்கு மகள் மும்பை வரவில்லை. எங்களைத் திருச்சிக்கு வரச் சொல்லி, அங்கிருந்து தஞ்சாவூருக்குத் திட்டம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். பெரிய கோயிலுக்கு நேராக அடைப்புக்குறிக்குள், "திங்கள் திறந்திருக்கும், ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டேன்." கோயில் அம்மா, எல்லா நாளும் திறந்துதான் இருக்கும் என்று நான் பதில் போடவில்லை.