எதற்கு அழிக்கிறீர்கள்?

கேள்வி: தருமபுரியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். துறைத் தலைவர் மாணவர்கள் முன்னாலேயே மட்டம் தட்டுகிறார். அவர் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டும் என் மேசைக்கு வந்துவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் வேறு. வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் வேலை இருக்காது. பேர் வெளியே வராமல் யோசனை கேட்க யாராவது இருக்கிறார்களா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மட்டம் தட்டுவதும் விடைத்தாள் கட்டும் எனக்கு வரும் கடிதங்களில் வழக்கமாக இருப்பவை. அது இருக்கட்டும். அந்த மெசேஜில் என்ன இருந்தது அம்மா? ஏன் அழித்தீர்கள்?

பரீட்சை டியூட்டி மெசேஜை யாரும் கணவருக்கு மறைத்து அழிப்பதில்லை. வேலைக் கஷ்டத்தை வரிவரியாக எழுதிவிட்டு இதை மட்டும் அரை வரியில் தாண்டிப் போகிறீர்கள். துறைத் தலைவர் செய்த தப்பை ராத்திரி ராத்திரியாகக் கழுவித் துடைத்துக் கொடுப்பது நீங்கள்தான். நாளைக்கு அவர் 'நான் எதுவும் அனுப்பவில்லையே' என்று கையை விரித்தால் காட்ட என்ன மிச்சம் இருக்கும்? இனி ஒன்றையும் அழிக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு இடத்திலும் வையுங்கள்.

அசிங்கமாக எழுதுகிறார் என்றால், வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். 'விசாகா கமிட்டி' என்று கேட்டால் கல்லூரியில் சொல்வார்கள். அந்தக் குழுவின் தலைவர் ஒரு மூத்த பெண்மணி. தற்காலிக வேலையில் இருப்பவரும் போகலாம். பேரை வெளியிடக் கூடாது என்று 16-ஆம் பிரிவே சொல்கிறது. நீங்கள் கேட்டால் விசாரணைக்கு முன்பே சமரசம் பேசவும் வழி உண்டு. ஆனால் கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்.

வெறும் வேலைப் பளுதான் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிகள் தந்த குறைதீர்ப்பாளர் மாணவர்களுக்கு மட்டும்தான், உங்களுக்கு இல்லை. ஓய்வு பெற்ற மூத்த பேராசிரியர் ஒருவரை வீட்டில் போய்ப் பாருங்கள். 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று முதலில் வாக்கு வாங்கிக்கொண்டு பேசுங்கள். ஸ்டாஃப் ரூமிலும் பஸ்ஸிலும் வாயைத் திறக்காதீர்கள்.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்தியது 'வீட்டுக்காரர் பார்ப்பதற்குள்' என்ற வார்த்தை. கஷ்டத்தை மறைப்பதுதான் புருஷனுக்குத் தரும் மரியாதை என்று நம் பெண்கள் நினைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கட்டியவளின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பது அவர் கடமை. அதைச் செய்ய அவருக்கு நீங்கள் இடமே தரவில்லை. (அவர் கை நீட்டுகிறவர் என்றால் வேறு பேச்சு; உடனே பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.) இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். 'வேலையை விட்டுவிடு' என்று அவர் முடிக்கப் பார்த்தால், தப்பு செய்தவர் நாற்காலியில் இருக்க நான் ஏன் வெளியே வர வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.