மீந்த சிப்ரோ மாத்திரையும் நாய்க்குட்டியும்

நாய், பூனை, மாடு என்று எல்லாம் பார்க்கிற கால்நடை மருத்துவர் நான். பெயர் ‘ஃப்ளாக்சசின்’ என்று முடியும் ஆன்டிபயாட்டிக்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: டாக்டர், நான்கு மாத லேப்ரடார் குட்டிக்கு வயிற்றுப்போக்கு. அப்பாவுக்கு எழுதித் தந்த சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) மீதி இருக்கிறது. பாதி கொடுக்கலாமா?

வேண்டாங்க. வளரும் குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பை இந்த வகை மருந்துகள் கெடுக்கும். லேப்ரடார் மாதிரி பெரிய இனத்துக்கு ஒரு வயது வரை, கிரேட் டேன் போன்றவற்றுக்கு ஒன்றரை வயது வரை தவிர்க்கப் பார்ப்போம். அப்புறம், வாய்வழியாகக் கொடுக்கும் சிப்ரோ நாயின் உடலில் ஒரே சீராகச் சேர்வதில்லை. ஒரு நாய்க்குச் சேர்ந்தது இன்னொன்றுக்குச் சேராது. குறைவாகச் சேர்ந்தால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். விலங்குகளுக்கு என்றே வந்த என்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக என்ரோ), நாயின் உடலுக்குள் போனபின் ஓரளவு சிப்ரோவாகவே மாறுகிறது. அதனால்தான் ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். ஒன்றில்லை.

இன்னொன்று: இந்த வயதில் வயிற்றுப்போக்கு என்றால் எனக்கு முதலில் பார்வோ நினைவுதான் வரும். அது வைரஸ், சிப்ரோவுக்கு அசையாது. தடுப்பூசி முழுதாகப் போடவில்லை என்றால், வாந்தியும் இருந்தால், இன்றே வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பெரம்பூரிலிருந்து: பூனைக்கு என்ரோ கொடுத்தால் கண் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. நிஜமா?

மாமி சொல்வதில் பாதி நிஜம். பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் உச்சம். அதைத் தாண்டினால் விழித்திரை பாதிக்கும் ஆபத்து ஏறும். நான்கு கிலோ பூனைக்குக் கணக்குப் போட்டால் 20 மில்லிகிராம். நாய்க்கு வாங்கிய 150 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைக் கிள்ளிப் போட்டால் 75, கிட்டத்தட்ட நான்கு மடங்கு! வயதான பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ள பூனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெளிச்சத்திலும் கண்மணி அகலமாகவே இருந்தாலோ, நாற்காலியில் முட்டிக்கொண்டாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

வேளச்சேரியிலிருந்து: உண்ணிக் காய்ச்சலுக்கு என்ரோ போதுமா சார்?

போதாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக்கு டாக்சிசைக்ளின் என்ற வேறு வகை ஆன்டிபயாட்டிக்தான், வழக்கமாக 28 நாள். நடுவில் நாய் துள்ளுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

அம்பத்தூரிலிருந்து: தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தால்தான் எங்கள் நாய் மாத்திரையை விழுங்குகிறது.

தயிரில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர்வது குறையும். கொஞ்சம் வெறும் சாதத்தில் உருட்டிக் கொடுங்கள். தயிர் இரண்டு மணி நேரம் கழித்து.

செங்குன்றத்திலிருந்து: மாட்டுக்கு என்ரோ ஊசி போட்டாச்சு. பாலைக் காய்ச்சி விற்கலாமா?

காய்ச்சினால் மருந்து போகாது. லேபிளில் எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்று இருக்கும். அப்படி எதுவும் போடவில்லை என்றால், நம் நாட்டு விதிப்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். நாள் கணக்கைக் கடைசி ஊசியிலிருந்து எண்ணுங்கள், முதல் ஊசியிலிருந்து அல்ல. அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊற்றாதீர்கள்.

ஆவடியிலிருந்து: கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோமே, அதில் என்ன தப்பு?

ஒரு கோழி சுணங்கினால் கொட்டகை முழுக்கக் குடிக்கிறது, அதுதான் தப்பு. கோழியிலிருந்து மனிதருக்கு வரும் கேம்பிலோபாக்டர் கிருமி இந்த மருந்துகளுக்கு மசியாமல் போனதால், அமெரிக்கா 2005-இல் கோழிகளுக்கு என்ரோவைத் தடை செய்தது. உங்கள் கொட்டகையில் எத்தனை கோழி, என்ன நோய் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.