தினமும் ஜெபிக்கிறேன், ஆனாலும் மன்னிக்க முடியவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 42. ஒரு அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் என் சபைக்கும் வருகிறார். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்து இடம். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவேன். வீட்டுக் கஷ்டம், பணக் கஷ்டம், கணவரோடு வரும் மனத்தாங்கல் எல்லாவற்றையும் அவரிடம்தான் கொட்டுவேன்.

போன வருடம் என்னைப் பற்றி மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. உடன் வேலை செய்யும் ஒருவரோடு என்னைச் சேர்த்துக் கேவலமாக எழுதியிருந்தார்கள். விசாரணை வைத்து, கடிதத்தை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் உடம்பு சில்லிட்டுவிட்டது. அக்காவிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்ன ஒரு விஷயம், ஏறக்குறைய நான் சொன்ன வார்த்தைகளிலேயே அதில் இருந்தது.

புகார் பொய் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அதற்குள் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது. 13 வயது மகள் ஒருநாள் வந்து, "அம்மா, உன்னப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்களே, என்னம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அக்காவோ எதுவும் நடக்காததுபோல், "கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

பாஸ்டரம்மாவிடம் யார் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றுதானே ஆண்டவர் சொன்னார்? போய்க் கட்டிப்பிடி, எல்லாவற்றையும் மறந்துவிடு" என்றார். அக்காவின் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அந்தக் கடிதத்தின் வரிகள் மனதில் ஓடுகின்றன. நாலு பேர் முன்னால் அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறேன். திருவிருந்து ஆராதனையில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இப்போது அக்கா இடமாற்றம் கேட்டுக் கொடுத்த மனு என் மேஜைக்கு வந்திருக்கிறது. நான் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஃபைலை அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். சத்துருவைச் சிநேகிக்க முடியாத நான் கிறிஸ்தவள்தானா?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த ஃபைலை எடுங்கள். விதிப்படி என்ன எழுத வேண்டுமோ அதை எழுதி, நாளைக்கே மேலே அனுப்பிவிடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மத்தேயு 5:44-ஐ இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்ன இயேசு, அதை எப்படிச் செய்வது என்றும் கூடவே சொல்கிறார்: ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். மூன்றும் செயல்கள். மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் செய்யக்கூடியவை. ஜெபிப்பதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். நன்மை செய்யும் வாய்ப்பு உங்கள் மேஜையிலேயே கிடக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் உங்களுக்கும் நிம்மதிதான், அந்தச் சந்தோஷத்தையும் பாவக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்!

பாஸ்டரம்மா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. கடிதம் எழுதியவர் அவரேயானால், காணிக்கையை வைத்துவிட்டுப் புறப்பட வேண்டியவர் அவர். உங்கள் நிலையில் இருப்பவருக்கு மாற்கு 11:25 இருக்கிறது. நின்று ஜெபம்பண்ணும்போது, யார்மேல் உங்களுக்குக் குறை உண்டோ அவருக்கு மன்னியுங்கள் என்கிறது. அங்கே யாரையும் தேடிப் போகச் சொல்லவில்லை. மன்னிப்பதை நீங்கள் தனியாக, ஆண்டவர் முன்னால் செய்துவிடலாம். உறவு பழையபடி ஆவதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் நீங்கள் இவ்வளவு அவதிப்படுகிறீர்கள்.

ஆதியாகமத்தில் வரும் யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை விற்ற அண்ணன்மாரைப் பார்த்ததும் அவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. கடுமையாகப் பேசினார், அவர்களில் ஒருவரான சிமியோனைக் காவலில் வைத்தார், நடுவில் தனியாகப் போய் அழுதார். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகுதான் தான் யார் என்று சொன்னார். அதுவரை பசியோடு வந்தவர்களுக்குத் தானியம் கொடுக்காமல் இருக்கவும் இல்லை. நீங்களும் அப்படியே நடந்துகொள்ளலாம். அக்காவுக்கு வணக்கம் சொல்லுங்கள், ஆபத்து என்றால் உதவுங்கள். வீட்டு ரகசியத்தை மட்டும் இனி அவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. என்ன இழந்தீர்கள் என்று இதுவரை நீங்கள் யாரிடமாவது முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் பதவி உயர்வுக்கு ஒரு வரி, மகளுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். உடனே ஜெபத்துக்குப் போய்விட்டீர்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமையில் ராஜா எடுத்த எடுப்பில் கடனைத் தள்ளவில்லை. முதலில் கணக்குப் பார்க்கிறார், பதினாயிரம் தாலந்து என்று தொகை தெரிகிறது, அதற்குப் பிறகுதான் தள்ளிவிடுகிறார். மன்னிக்கப்பட்ட அந்த ஊழியனுக்கு இன்னொருவன் தர வேண்டிய நூறு வெள்ளிப்பணமும் அற்பத் தொகை அல்ல. நாளுக்கு ஒரு பணம் கூலி வாங்கிய காலம் அது, மூன்று மாதத்துக்கு மேல் உழைத்தால்தான் அவ்வளவு கிடைக்கும். உங்களுக்குப் பெரிய நஷ்டம்தான் நடந்திருக்கிறது, உவமை அதை மறைக்கச் சொல்லவில்லை. தொகை தெரியாமல் தள்ளிய கடன் என்பதால்தான் அது நடுராத்திரியில் திரும்பத் திரும்ப வந்து கணக்குக் கேட்கிறது.

ஆகையால் எழுதுங்கள். இப்படி எழுதுவதால் மனதுக்கும் உடம்புக்கும் என்ன நடக்கிறது என்று ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து ஆராய்ந்தார். அவருடைய முறை எளிது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், இலக்கணமோ கையெழுத்தோ பார்க்காமல் எழுத வேண்டும். பெயர் கெட்டது, தோழியை இழந்தது, விசாரணை அறையில் அந்தக் காகிதத்தைப் பிடித்திருந்த உங்கள் கை எப்படி இருந்தது, எதையும் விடாதீர்கள். சங்கீதம் 55-இல் இதே வேதனை இருக்கிறது. நிந்தித்தவன் சத்துரு என்றால் சகித்துக்கொள்வேன், என் தோழனாகிய நீ அல்லவா என்று கதறுகிறார் தாவீது. எழுதியதை யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் கண்டிப்பாக வேண்டாம். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள்.

அப்படியும் கோபம் மறுபடி வரும். எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கிறிஸ்தவர், மன்னிப்பையே ஆராய்ந்தவர். 1995 முடிந்து 1996 பிறந்த சமயத்தில், வீடு புகுந்த ஒருவனால் அவருடைய தாய் கொலை செய்யப்பட்டார். அந்த ஆள் கையில் கிடைத்தால் அடித்தே கொன்றுவிடுவேன் என்று தனக்கும் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். பிறகுதான் மன்னித்தார். பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று, உணர்ச்சி மாறுவது வேறொன்று, இரண்டாவது மெதுவாகத்தான் வரும் என்பது அவருடைய ஆய்வில் முக்கியமான கருத்து. நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள். அக்காவின் குரல் கேட்டதும் நெஞ்சு படபடப்பது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி, அதற்குப் பாவமன்னிப்பு கேட்க வேண்டியதில்லை. திருவிருந்துக்கும் போங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் பவுல் எழுதினார்.

அவரிடம் நேரில் கேட்கலாமா? கேட்கலாம். நீயும் அவனும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்கிறது மத்தேயு 18:15, ஆகையால் அது பழிவாங்குதல் ஆகாது. ஆனால் எழுதி முடித்து, தூக்கம் கொஞ்சம் சரியான பிறகு போங்கள். உங்கள் கையில் இருப்பது பலமான சந்தேகம்தான், சாட்சி அல்ல. அவர் வேறு யாரிடமாவது வாய்தவறிச் சொல்லியிருக்கவும் கூடும். "நான் உங்களிடம் மட்டும் சொன்னது அந்தக் கடிதத்தில் இருந்தது அக்கா, அது எப்படி?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுத்தால் வாதாட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

கடைசியாக உங்கள் மகள். ஒன்றுமில்லை என்ற பதிலை 13 வயதுப் பிள்ளை நம்பியிருக்க மாட்டாள். என்னைப் பற்றி ஒரு பொய் எழுதினார்கள், விசாரித்தார்கள், பொய் என்று தெரிந்துவிட்டது, ஆனால் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். யார் எழுதியது என்று கேட்பாள். அது உறுதியாகத் தெரியாது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். வேறு என்ன கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.